ஆள் ஏறினால் மட்டும் பின்கால் தடுமாறும் குதிரை: காரணத்தை எந்த வரிசையில் தேடுவது?

கையில் பிடித்து நடத்தினால் குறை ஒன்றும் தெரியாது. ஆள் ஏறியதும் ஆரம்பிக்கும். கேன்டரில் (மிதமான பாய்ச்சல் நடை) இரண்டு பின்னங்கால்களையும் சேர்த்து வைத்து முயல் மாதிரி துள்ளும். அல்லது முன்பக்கம் வலது கேன்டரும் பின்பக்கம் இடது கேன்டருமாகப் போகும். குளம்பு நுனி மண்ணில் கோடு இழுக்கும். திருப்பத்தில் ஒரு பின்னங்கால் சட்டென்று மடங்கி, அடுத்த எட்டிலேயே சரியாகிவிடும்.

வெளியே தெரியும் குறை ஒன்றாக இருந்தாலும் வைத்தியம் எதிரெதிராக இருக்கலாம் என்பதுதான் இதில் பெரிய தொல்லை. நுனி இழுக்கும் குதிரைக்கு முழங்கால் (பின்னங்காலில் வயிற்றுக்கு அருகே உள்ள மூட்டு) சில்லு மாட்டிக்கொள்ளும் கோளாறு என்றால் வேலையைக் கூட்ட வேண்டும். சஸ்பென்சரி லிகமென்ட் (காலின் பின்புறம் மூட்டைத் தாங்கும் நார்) காயம் என்றால் வேலையை நிறுத்த வேண்டும். ஊகத்தில் இறங்கினால் இருப்பதையும் கெடுத்துக்கொள்வோம்.

மருத்துவர் வருமுன் நீங்கள் செய்ய வேண்டியதையும், வந்தபின் அவரோடு சேர்ந்து செய்ய வேண்டியதையும் வரிசைப்படி எழுதியிருக்கிறேன். முடிவு சொல்வது அவர் வேலை. ஆனால் அவர் பார்ப்பது ஒரு மணி நேரம். தினமும் பார்ப்பது நீங்களும் குதிரையைப் பராமரிக்கும் சைஸும்தான்.

1. முதலில், ஏறவே கூடாத நேரங்கள்

வெப்பமானி வைத்துப் பாருங்கள். வளர்ந்த குதிரைக்கு ஓய்வில் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருப்பது வழக்கம். காய்ச்சல் இருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

காலை ஊன்றவே மறுத்தாலும் அப்படித்தான். வேலைக்குப் பின் புட்டத்துத் தசை கல்லாக இறுகி, வியர்த்து, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் அது தசை சிதைவு. அப்போது "நடக்க வைத்தால் இளகிவிடும்" என்று நடத்தாதீர்கள். நடக்க நடக்கச் சிதைவு கூடும், சிறுநீரகமும் அடிவாங்கும். நின்ற இடத்திலேயே நிறுத்தித் தண்ணீர் வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

நம் ஊருக்கு இன்னொன்று சேர்க்க வேண்டும். தெருநாய் நடமாடும் லாயத்தில் ஒரு குதிரைக்குத் திடீரென்று பின்பக்கம் பலம் குறைந்து குணமும் மாறினால், ரேபிஸ் இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை வாய்க்குள் கை விடாதீர்கள். எச்சில் மேலே படவும் விடாதீர்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

ஸ்லோ மோஷன் எடுக்கும் போன், வெள்ளை டேப், நோட்டு, ஹெல்மெட், லன்ஜிங் கயிறு (குதிரையை வட்டமாக ஓடவிடப் பிடிக்கும் நீண்ட கயிறு), கயிறு பிடிக்கத் தெரிந்த ஒருவர், வீடியோ எடுக்க இன்னொருவர். இடம் என்றால் 30 மீட்டர் நேரான, கெட்டியான, சமமான தரை ஒன்றும், மணல் மெனாஜ் (ஓட்டிப் பழகும் திடல்) ஒன்றும். சரிவில் எடுத்த வீடியோ எதற்கும் உதவாது. சரிவே ஒரு பக்க இடுப்பைத் தாழ்த்திக் காட்டும்.

நோட்டில் முதலில் வரலாறு எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, கடைசியாக லாடம் அடித்த தேதி, சேணம் மாறியதா, ஓட்டுபவர் மாறினாரா, விழுந்ததா, எத்தனை நாள் லாயத்திலேயே நின்றது. பெண் குதிரையானால் பருவ நாட்களையும் குறியுங்கள். சுமார் 21 நாளுக்கு ஒருமுறை கோளாறு வந்து போனால் தேட வேண்டிய இடம் காலாக இல்லாமல் போகலாம். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்று ஓட்டப் பள்ளிக்கு வந்த தரோபிரெட் (பந்தய இனக் குதிரை) என்றால் பழைய காயம் பற்றிக் கேட்டு வாங்குங்கள். கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்தக் கட்டத்தில் வலி மருந்து கொடுக்கக் கூடாது. புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். பாவமாக இருக்கிறதே என்று ஒரு டோஸ் பியூட் (பினைல்பியூட்டசோன் என்ற வலி மருந்து) கொடுப்பார்கள், மறுநாள் மருத்துவர் வரும்போது குதிரை அழகாக ஓடிக் காட்டும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் எப்போது, எவ்வளவு என்று எழுதி வையுங்கள்.

3. வலியா, நரம்பா: இதை முதலில் பிரியுங்கள்

பலரும் இதைக் கடைசியில் பார்க்கிறார்கள். முதலில் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் ஓட்டுபவரின் உயிர். நரம்புக் கோளாறு உள்ள குதிரைக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஆளோடு சேர்ந்து விழும்.

பிரித்தறிய ஓர் எளிய விதி உண்டு. வலியால் வரும் நொண்டல் ஒழுங்கானது, ஒவ்வொரு எட்டிலும் ஒரே குறை திரும்ப வரும். நரம்பால் வரும் தடுமாற்றத்தில் ஒழுங்கு இராது. ஓர் எட்டில் கால் வெளியே விழும், அடுத்த எட்டில் உள்ளே விழும், மூன்றாவதில் சரியாக விழும்.

குதிரையை மிகச் சிறிய வட்டத்தில் இரு பக்கமும் சுற்றுங்கள். வெளிப்பக்கப் பின்னங்கால் அகலமாக வீசிச் சுழல்கிறதா, ஒரு காலை இன்னொன்று மிதிக்கிறதா, காலை ஊன்றி அதன்மேலேயே உடல் திரும்புகிறதா என்று பாருங்கள். பிறகு பின்னால் நடத்துங்கள். தலையைச் சற்று உயர்த்திப் பிடித்தபடி நேராகவும், லேசான இறக்கத்திலும் நடத்துங்கள். கடைசியாக, நடக்கும்போதே உதவிக்கு இருப்பவரைப் பக்கவாட்டில் நின்று வாலைத் தன் பக்கம் இழுக்கச் சொல்லுங்கள். நல்ல குதிரை எதிர்த்து இழுக்கும், பலம் குறைந்தது இழுத்த பக்கம் சாயும். நேர் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

இதில் எது சந்தேகமாகப் பட்டாலும் சேணத்தை எடுத்து வைத்துவிடுங்கள். இந்தியாவில் இரண்டு பெயர்களை மருத்துவரிடம் நீங்களே கேட்கலாம். ஒன்று கும்ரி. மாட்டின் வயிற்றறையில் வாழும் சிட்டேரியா என்ற புழுவின் குஞ்சுகளைக் கொசு குதிரைக்குக் கொண்டுவந்துவிடும். அவை தவறான உடலுக்குள் வழி தெரியாமல் தண்டுவடத்துக்குள் போய்விடும். இடுப்புக்குக் கீழே தள்ளாட்டம் வரும். லாயத்துக்குப் பக்கத்தில் மாட்டுத் தொழுவமும் தேங்கிய தண்ணீரும் இருந்தால் இதை ஒதுக்க முடியாது. இன்னொன்று சுர்ரா. கடிக்கும் பெரிய ஈக்கள் பரப்பும் ரத்த ஒட்டுண்ணி நோய். விட்டு விட்டுக் காய்ச்சல், இளைப்பு, காலிலும் அடிவயிற்றிலும் வீக்கம், பின்பக்கத் தளர்ச்சி என்று வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தென்படவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடாது. காய்ச்சல் உள்ள நேரத்தில் எடுத்த ரத்தத்தில்தான் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

4. நிற்க வைத்துத் தொட்டுப் பார்ப்பது

நான்கு காலும் சமமாக நிற்க வைத்துப் பின்னால், பாதுகாப்பான தூரத்திலிருந்து பாருங்கள். இரண்டு புட்டத்துத் தசையும் ஒரே அளவா? மெலிந்த பக்கம் பெரும்பாலும் குறைவாக வேலை செய்த பக்கம். அதற்காக அந்தக் காலில்தான் கோளாறு என்று அங்கேயே முடிவு கட்டிவிட வேண்டாம்.

முதுகை விரல் வயிற்றால் சீராக அழுத்திக்கொண்டே போங்கள். நகத்தாலோ பேனா முனையாலோ குத்தினால் எந்தக் குதிரையும் சிலிர்க்கும். காதும் கண்ணும் மாறுகிறதா, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறங்குகிறதா என்பதுதான் கணக்கு.

குளம்புக்கு வாருங்கள். பின்குளம்பில் நுனி நீண்டு குதிகால் தாழ்ந்து போயிருந்தால், உள்ளே எலும்பின் பின்பக்கம் தரையை நோக்கிச் சாய்ந்திருக்கலாம். அப்படிப்பட்ட குதிரைகளுக்குப் புட்டமும் முழங்காலும் வலிப்பது பரவலாகக் காணப்படுவது. லாடத்தின் நுனி ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்; பழைய லாடத்தைத் தூக்கிப் போட வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். லாடம் அடிப்பவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தக் காலைத் தூக்கத் தயங்குகிறது, எதை நடுக்கத்தோடு இழுத்துக்கொள்கிறது என்பது உங்களைவிட அவருக்குத் தெரியும்.

5. கையில் பிடித்து நடத்துவதும் டிராட்டும்

இரண்டு இடுப்பெலும்பு முனைகளிலும் வெள்ளை டேப் ஒட்டுங்கள். கெட்டித் தரையில், கயிறு தளர்ந்திருக்க, நேராக டிராட் (நடைக்கும் கேன்டருக்கும் இடைப்பட்ட ஓட்டம்) ஓடவிடுங்கள். போனைக் குதிரையின் இடுப்பு உயரத்தில் பிடித்து நேர் பின்னாலிருந்து எடுங்கள். அப்புறம் பக்கவாட்டில். கயிற்றை இறுக்கிப் பிடித்தால் தலையின் அசைவு மறைந்துபோகும். புதிய சைஸ்கள் எல்லோரும் செய்வது இது.

ஸ்லோ மோஷனில் பார்க்கும்போது எந்தப் பக்கத்து டேப் அதிகமாக ஏறி இறங்குகிறதோ அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் நோகும் கால். "இடுப்பு இறங்கும் பக்கம்தானே?" என்று கேட்பார்கள். ஏற்றம், இறக்கம் இரண்டையும் சேர்த்த மொத்த அசைவைப் பாருங்கள், குழப்பம் குறையும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டிராட்டில் மூலைவிட்டக் கால்கள் சேர்ந்து ஊன்றும். இடது பின்னங்கால் நன்றாக வலித்தால், அது ஊன்றும் நொடியில் குதிரை தலையை இறக்கி, கூடவே ஊன்றும் வலது முன்னங்காலுக்கு எடையைத் தள்ளும். பார்ப்பவர் கண்ணுக்கு இடது முன்னங்கால் நொண்டுவது போலத் தெரியும். முன்குளம்பைக் குடைந்து பார்த்து ஒன்றும் கிடைக்காமல் போன பல கதைகளுக்கு இதுதான் காரணம். தலை ஆடினால் அதே பக்கப் பின்னங்காலையும் சந்தேகப்படுங்கள்.

இரண்டு பின்னங்காலும் சமமாக வலித்தால் நொண்டலே தெரியாது. எட்டு குட்டையாகும், தள்ளும் பலம் குறையும். "சோம்பேறிக் குதிரை" என்ற பெயர் வாங்கும் குதிரைகளில் இப்படிச் சில உண்டு.

6. லன்ஜிங்

சுமார் 15 மீட்டர் அகல வட்டத்தில் இரு பக்கமும் ஓடவிடுங்கள், முதலில் கெட்டித் தரையில், பின்பு மணலில். பொதுவாக, கெட்டித் தரையில் மோசமானால் குளம்பு, மூட்டுப் பக்கம் சாய்கிறது. ஆழமான மணலில் மோசமானால் லிகமென்ட் பக்கம். இது சாய்வுதான், தீர்ப்பல்ல. நிறைய நேரம் சுற்ற வேண்டாம். சின்ன வட்டத்தில் களைத்த குதிரை எல்லாக் கோளாறையும் காட்டும்.

7. ஒன்றைச் சேர், ஒன்றைப் பார்

இந்தத் தேடலின் மையம் இதுதான். ஒரே இடம், ஒரே வரிசை. வெறும் முதுகோடு ஒரு சுற்று, வயிற்றைச் சுற்றிக் கட்டும் பட்டையை மட்டும் கட்டி ஒரு சுற்று, சேணத்தோடு ஒரு சுற்று, இலகுவான, நன்றாக ஓட்டத் தெரிந்த ஆளோடு ஒரு சுற்று, கடைசியாக வழக்கமாக ஓட்டுபவரோடு ஒரு சுற்று. ஒவ்வொன்றையும் வீடியோ எடுங்கள். குறை எந்தப் படியில் நுழைகிறது என்பதே பாதி விடை.

பட்டை கட்டியதும் வந்தால் மார்புக்கூடு, வயிறு, சேணத்தின் பழைய வலி நினைவு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நல்ல ஓட்டுநரிடம் வராமல் உங்களிடம் மட்டும் வந்தால், மனசு வலித்தாலும் ஒப்புக்கொண்டு உட்காரும் முறையையும் எடையையும் கவனியுங்கள். ஆளும் சேணமும் சேர்ந்து குதிரை எடையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நடைமுறைக் கணக்கு. 400 கிலோ குதிரைக்கு அது 80 கிலோ. முதுகு பலமில்லாத குதிரைக்கு இதுவும் அதிகம்.

ரைசிங் டிராட்டில் (எட்டுக்கு ஏற்ப ஓட்டுபவர் எழுந்து உட்காரும் டிராட்) எழுந்து உட்காரும் மூலைவிட்டத்தை மாற்றிப் பாருங்கள். நீங்கள் உட்காரும் நேரத்தில் ஊன்றியிருக்கும் பின்னங்கால் கூடுதல் சுமை வாங்குகிறது. ஒரு மூலைவிட்டத்தில் உட்காரும்போது மட்டும் குறை பெரிதானால், அதில் ஊன்றும் பின்னங்காலை நோட்டில் எழுதுங்கள். சிலருக்குக் குதிரையே அவர்களை எப்போதும் ஒரே மூலைவிட்டத்துக்குத் தள்ளிவிடும். அதுவும் ஒரு தகவல்தான்.

கடிவாளத்தை எடுத்துவிட்டு, வாயில் இரும்பு இல்லாத வெறும் ஹெட்காலரில், மூடிய இடத்தில், அனுபவமுள்ளவர் ஒருமுறை ஓட்டிப் பார்க்கட்டும். பல்வலி பின்காலில் வந்து தெரிவதும் உண்டு.

8. சேணம்: குற்றவாளியா, சாட்சியா?

துணி போடாமல் சேணத்தை வையுங்கள். வாடியின் (கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு) மேல் இரண்டு மூன்று விரல் இடைவெளி, முதுகுத்தண்டுக்கு மேல் நெடுக வெளிச்சம், பஞ்சு மெத்தை முழுதும் சீரான தொடுகை. கடைசி விலா எலும்பைத் தாண்டிச் சேணம் பின்னுக்குப் போகக் கூடாது, அங்கே எடையைத் தாங்க விலாக்கூடு கிடையாது.

சேணம் எப்போதும் ஒரே பக்கம் நழுவுகிறதா? உடனே புது நம்டா (சேணத்துக்கு அடியில் போடும் மெத்தை), புது பட்டை, ஓட்டுபவர் கோணலாக உட்காருகிறார் என்று திட்டு. பின்னங்கால் நொண்டலே சேணத்தை நழுவ வைக்கும் என்பது இங்கிலாந்துக் கால்நடை மருத்துவர் சூ டைசன் பங்கேற்ற ஆய்வுகளில் வந்த முக்கியமான விஷயம். பின்னங்காலின் வலியை ஊசி போட்டு மரக்க வைத்ததும் பல குதிரைகளில் நழுவல் நின்றது. ஆக, நழுவும் சேணத்தை மாற்றுமுன் அதை நோட்டில் எழுதுங்கள்.

அதே டைசன் குழு, ஆள் ஏறிய குதிரையின் முகம், காது, வால், நடை எனப் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டது. அவற்றில் 8 அல்லது அதற்கு மேல் தெரிந்தால் எலும்பு, தசை வலி இருக்க வாய்ப்பு அதிகம். "குறும்பு செய்கிறது" என்று சாட்டையை எடுக்குமுன் இதைப் பாருங்கள்.

9. அடையாளங்கள் எங்கே கை காட்டுகின்றன

முழங்கால் சில்லு மாட்டுதல். குதிரை நின்றபடியே தூங்க, முழங்காலில் ஒரு லிகமென்ட் தொடையெலும்பின் மேட்டில் கொக்கி போட்டுக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அது நினைத்த நேரத்தில் விடுபடாவிட்டால் கால் பின்னுக்கு நீண்டபடி நின்றுவிடும். லேசான வகையில் ஒரு சின்ன வெட்டு மட்டும் தெரியும். இளம் குதிரை, தசை குறைந்தது, பின்னங்கால் நேராக அமைந்தது, பல நாள் லாயத்தில் நின்றது ஆகியவற்றில் அதிகம். கேன்டரிலிருந்து டிராட்டுக்கு இறங்கும்போதும் லாயத்தை விட்டுக் கிளம்பும் முதல் எட்டுகளிலும் கவனியுங்கள்.

ஹாக் மூட்டுத் (பின்னங்காலின் நடுவே பின்நோக்கி முட்டும் மூட்டு) தேய்மானம். முதல் பத்து நிமிடம் விறைப்பு, சூடேறினால் இளகும். நுனி இழுக்கும். நடுவயதுக் குதிரைகளில் சகஜம்.

சஸ்பென்சரி லிகமென்டின் மேல்முனைக் காயம். ஆள் ஏறினால் கூடும், பெரும்பாலும் இரண்டு காலிலும் இருக்கும், தொட்டால் வீக்கம்கூடத் தெரியாது. நேரான ஹாக்கும் தாழ்ந்த ஃபெட்லாக்கும் (குளம்புக்கு மேலுள்ள மூட்டு) உள்ள குதிரையில் இதைச் சீக்கிரம் கேளுங்கள்.

இடுப்பு மூட்டு, அதாவது திருவெலும்பும் இடுப்பெலும்பும் சேரும் இடம். டிராட் சுமாராக இருக்கும், கேன்டர் பாழாகும். முயல் துள்ளல், பின்பக்கக் கால் மாற்றம், ஒரு பக்கக் கேன்டரை எடுக்க மறுப்பு. ஒரு பின்னங்காலைத் தூக்கினால் மற்றதில் நிற்க முடியாமல் தவிக்கும். ஹாக்கோடு, முதுகோடு சேர்ந்து வரும். தனியாக வருவது குறைவு.

முதுகெலும்பு முனைகள் உரசுதல். சேணம் உட்காரும் பகுதிக்குக் கீழே முள்ளெலும்புகள் நெருங்கித் தொடும். பட்டை கட்டும்போதே கடிக்க வரும். ஆனால் எக்ஸ்ரேயில் நெருக்கம் தெரிந்தும் வலி இல்லாத குதிரைகள் ஏராளம். படத்தை மட்டும் நம்பி வைத்தியம் பார்க்காதீர்கள்.

தசை. ஓய்வு நாளுக்கு அடுத்த நாள் மோசம் என்றால், வேலை முடிந்து 4 முதல் 6 மணி நேரத்துக்குள் ரத்தம் எடுத்து, தசைச் சிதைவைக் காட்டும் சிகே என்ற நொதியின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். மறுநாள் சாயங்காலம் எடுத்தால் லேசான ஏற்றம் நழுவிப் போயிருக்கும்.

பின்னால் நடக்கவோ காலைத் தூக்கவோ சொன்னால் மட்டும் கால் நடுங்கி, வால் எழும்பினால் அது ஷிவர்ஸ். ஒவ்வொரு எட்டிலும் கால் வயிற்றை நோக்கி வெட்டி இழுத்தால் ஸ்ட்ரிங்ஹால்ட். இரண்டையும் சில்லுக் கோளாறு என்று நினைத்து ஓடவிடுபவர்கள் உண்டு. வீடியோ இருந்தால் மருத்துவர் பிரித்துவிடுவார்.

10. மருத்துவர் வரும் நாள்

குதிரையை முன்கூட்டி சூடேற்ற வேண்டாம். முதல் எட்டின் விறைப்பை அவர் பார்க்க வேண்டும். சேணம், பட்டை, ஓட்டுபவர் எல்லாம் தயாராக இருக்கட்டும். குறை ஆள் ஏறினால்தான் வருகிறது என்றால், ஏறித்தான் காட்ட வேண்டும். ஆனால் 3-ஆம் படியில் சந்தேகம் வந்திருந்தால் அவரிடம் சொல்லிவிட்டு அதை விட்டுவிடுங்கள்.

காலை மடக்கி ஒரு நிமிடம் பிடித்துவிட்டு ஓடவிடும் சோதனையை நீங்களே செய்து பார்க்க ஆசை வரும். வேண்டாம். பின்னங்காலில் ஹாக் மடங்கினால் முழங்காலும் கூடவே மடங்கும்படி நார்கள் பிணைந்திருக்கின்றன. எந்த மூட்டு வலித்தது என்று அந்தச் சோதனை தனியாகச் சொல்லாது. உதை மட்டும் நிச்சயம்.

நரம்பை மரக்க வைக்கும் ஊசிகள்தான் இடத்தைக் குறுக்கும் வழி. வழக்கமாகக் குளம்பிலிருந்து தொடங்கி மேலே போவார்கள், மேலே முதலில் மரத்துவிட்டால் கீழே இருப்பது தெரியாமல் போகும். ஒவ்வொரு ஊசிக்குப் பின்னும் ஓட்டிப் பார்க்க வேண்டும். நேரம் ஆகும், செலவும் ஆகும். "முழுக் காலையும் எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள்" என்பது மலிவாகத் தோன்றும். ஆனால் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எடுத்த படங்களில் பழைய தேய்மானங்கள் தெரிந்து ஆளைத் திசைதிருப்பும். ஒரு காலை மரக்க வைத்ததும் மறுகாலில் நொண்டல் தோன்றினால் பதற வேண்டாம். இரண்டிலும் வலி இருந்தது என்று பொருள்.

உள்ளூரில் குதிரை பார்த்துப் பழகியவர் இல்லையென்றால், சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைக் கேட்கலாம். வண்டியில் ஏற்றுமுன் வீடியோக்களை அனுப்பிக் கருத்துக் கேட்பது நல்லது.

ஊசிகளிலும் இடம் பிடிபடாவிட்டால் சில நாள் வலி மருந்து கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொல்வார். தேறினால் வலி இருந்தது உறுதி. தேறாவிட்டால் வலி இல்லை என்று எடுத்துக்கொள்ள முடியாது, எல்லா வலிக்கும் பியூட் கேட்காது. அவர் சொன்ன அளவையும் நாளையும் தாண்டினால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரும்.

11. வைத்தியம் தொடங்கியபின்

ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். லாடம், சேணம், தீவனம், மூட்டு ஊசி நான்கையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது உதவியது என்று யாருக்கும் தெரியாது. கோளாறு திரும்ப வரும்போது மறுபடி 1-ஆம் படியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். மருத்துவர் இரண்டைச் சேர்த்துச் செய்யச் சொன்னால் அது வேறு, காரணத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சில்லுக் கோளாறுக்கு நேர்கோட்டு நடை, லேசான ஏற்றம், நாள் முழுக்கத் திறந்த வெளி. லிகமென்டுக்கு அடைப்பு ஓய்வும் கயிற்றில் அளந்த நடையும். வேலையைக் கூட்டுமுன் அல்ட்ராசவுண்ட். இடுப்பு மூட்டுக்குச் சின்ன வட்டத்தைத் தவிர்த்து, நீண்ட கோட்டில் தசையைக் கட்டுவது.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மருத்துவர் அனுமதித்த நடையில் மட்டும், 5-ஆம் படியின் வீடியோவை அதே தரையில், அதே உயரத்தில், அதே டேப்போடு எடுங்கள். நினைவை நம்பாதீர்கள், தினமும் பார்ப்பவருக்குத் தேறுவதும் தெரியாது, மோசமாவதும் தெரியாது. அவர் சொன்ன கால அளவு முடிந்தும் டேப்பின் ஆட்டம் அப்படியே இருந்தால் இன்னொரு ஊசி கேட்காமல் நோட்டையும் வீடியோக்களையும் எடுத்துக்கொண்டு மறு பரிசோதனைக்குத் தேதி வாங்குங்கள்.